உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற சுவர்

கேள்வி:

எனக்கு 39 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். சின்ன வயதிலிருந்தே சபை, பாடகர் குழு, ஜெபக்கூட்டம் என்று வளர்ந்தவள். போன வருடம் யாக்கோபு நிருபத்திலிருந்து ஒரு பிரசங்கம் கேட்டேன். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்ற வசனம் அன்றிலிருந்து என்னை விடவே இல்லை. என் விசுவாசம் ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு முடிந்துபோகிறது என்று உறைத்தது. அதற்குப் பிறகு யார் எதற்குக் கூப்பிட்டாலும் சரி என்றேன். ஞாயிறு பள்ளி, மருத்துவமனைச் சந்திப்பு, முதியோர் நலக் குழு, துணி சேகரிப்பு என எல்லாப் பட்டியலிலும் என் பெயர். ஏழெட்டு மாதத்தில் ஓய்ந்துபோனேன். வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். "சபையில் எல்லோருக்கும் நீ கிடைக்கிறாய், எங்களுக்குத்தான் கிடைப்பதில்லை" என்கிறார் கணவர்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, முதியோர் நலக் குழுக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். எங்கள் மாடி வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி அன்று சாயந்தரம் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் இரண்டு மணி நேரம் கிடந்திருக்கிறார். கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்கவில்லை. நான் முதியோரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாட்டி இப்போது தேறிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

தேவன் என்னிடம் எதிர்பார்க்கும் வேலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நல்லது செய்துவிட்டு யாராவது பாராட்டினால் எனக்குப் பிடிக்கிறது, அது பாவமா? வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடலாமா? (ஆபீஸில் நான் செய்வதெல்லாம் சின்ன சப்ளையர்களின் பில்லைத் தள்ளிப்போடுவதுதான். மூன்று தடவை போன் செய்தால்தான் செக் போடுவோம். அதில் ஆவிக்குரிய விஷயம் என்ன இருக்கப்போகிறது?) என் தோழி வேறு, "இரட்சிப்பு கிருபையினால், நீ இப்படி ஓடி ஓடி எதைச் சம்பாதிக்கப்போகிறாய்?" என்று கேட்கிறாள்.

பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் போதகர் இல்லை. சமூகப்பணி படித்து, இருபத்தைந்து வருடமாக அந்த வேலையில் இருப்பவள். சபைகளின் சேவைக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அங்கே உழைத்து நொந்துபோனவர்கள் வந்து உட்கார்ந்தால் கேட்பதும் என் வேலையில் பாதி. நீங்கள் எழுதியதில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை, அந்த அடைப்புக்குறிக்குள் எழுதிய மூன்று வரிகளைத் தவிர. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

முதலில் பாட்டி. அவர் விழுந்தது உங்கள் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அன்று நீங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்த்திருந்தாலும் அவர் விழுந்திருப்பார், அந்தக் குரல் கேட்காமலும் போயிருக்கும். அதே சமயம், உங்கள் மனது அந்த ராத்திரியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதை "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள்" என்று சொல்லி மூடவும் எனக்கு விருப்பமில்லை. அதில் உங்களுக்குத் தேவையான ஒரு தகவல் இருக்கிறது. குற்ற உணர்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அந்தத் தகவலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

உங்கள் தோழியின் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அவர் சொல்வது சரி. எபேசியர் 2-ஆம் அதிகாரம் 8, 9 வசனங்கள் அதைத்தான் சொல்கின்றன: கிருபையினால், விசுவாசத்தைக்கொண்டு, கிரியைகளினால் உண்டானதல்ல. ஆனால் பெரும்பாலானவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வசனத்தில் பவுல், நற்கிரியைகள் செய்வதற்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம், அவற்றை தேவன் முன்னதாகவே ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார் என்கிறார். கிருபைக்கே முதலிடம் என்று அடித்துப் பேசிய மார்ட்டின் லூத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். 1522-இல் அவர் மொழிபெயர்த்த ஜெர்மன் புதிய ஏற்பாடு வந்தது. அதன் முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்கிற அளவுக்குப் போனார். அதே புத்தகத்தில் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையிலோ, விசுவாசம் உயிருள்ள, துறுதுறுவென்று வேலை செய்கிற ஒன்று, நற்கிரியை செய்யவேண்டுமா என்று அது கேட்டுக்கொண்டிருக்காது, நீங்கள் கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்று எழுதினார். யாக்கோபுக்கே இதைவிட நன்றாகச் சொல்ல வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஆக, நீங்கள் எதையும் சம்பாதிக்க ஓடவேண்டியதில்லை. தோழியிடம் அதை ஒப்புக்கொள்ளுங்கள். சம்பாதிக்கும் பதற்றம் போனால்தான் எதற்கு "சரி" சொல்வது, எதற்கு "முடியாது" சொல்வது என்று நிதானமாக யோசிக்க முடியும்.

சரி, தேவன் எதிர்பார்க்கும் வேலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் நெகேமியாவைத்தான் எடுப்பேன். பயிற்சி வகுப்புகளில் அந்தப் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னால் எல்லோரும் நெளிவார்கள். வெறும் பெயர்ப் பட்டியல் அது. யார் எந்த வாசலைக் கட்டினார், அவருக்கு அடுத்து யார், அவருக்கு அடுத்து யார் என்று முப்பத்திரண்டு வசனம். எனக்கு வேதத்தில் மிகப் பிடித்த அதிகாரங்களில் அது ஒன்று.

கதை உங்களுக்குத் தெரியும். நெகேமியா பாரசீக ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். எருசலேமின் சுவர் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கிஸ்லேயு மாதத்தில் அவனுக்கு வருகிறது. அழுகிறான், உபவாசிக்கிறான், ஜெபிக்கிறான். ராஜாவிடம் பேசுவது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் அவன் சும்மா இருக்கவில்லை என்பது, ராஜா "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டவுடன் தெரிந்துவிடுகிறது. எத்தனை நாள் விடுமுறை, எந்த அதிபதிகளுக்குக் கடிதம், வாசலுக்கு மரம் கொடுக்க யாருக்குக் கட்டளை என்று கையில் பட்டியலே தயார். எருசலேமுக்குப் போனதும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. மூன்று நாள் இருந்துவிட்டு, இரவில் சில பேரோடு மட்டும் சுவரைச் சுற்றிப் பார்க்கிறான். எங்கே எவ்வளவு இடிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறான். நீங்கள் பிரசங்கம் கேட்ட பிறகு, யார் கூப்பிட்டாலும் சரி என்று நான்கு குழுக்களில் பெயர் கொடுத்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. இருபத்தெட்டு வயதில் நானும் அப்படித்தான், அந்தக் கதை பின்னால் வரும்.

அப்புறம்தான் அந்த மூன்றாம் அதிகாரம். தட்டார்கள் கட்டினார்கள், பரிமளத் தைலக்காரர் கட்டினார், ஒருவர் தன் மகள்களோடு சேர்ந்து கட்டினார். தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் கழுத்தை வளைக்கவில்லை என்று அதையும் குறித்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெயர்களுக்கு நடுவே ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும். யெதாயா தன் வீட்டுக்கு எதிரே இருந்ததைக் கட்டினான். பென்யமீனும் அசூபும் தங்கள் வீட்டுக்கு எதிரே. ஆசாரியர்கள் அவரவர் வீட்டுக்கு எதிரே. மெசுல்லாம் தன் அறைக்கு எதிரே. இப்படிக் கட்டித்தான் ஐம்பத்திரண்டு நாளில் சுவர் முடிந்தது. தன் வாசலில் நின்றால் கண்ணில் படுகிற இடிபாட்டை அடுத்தவன் வந்து சொல்லவேண்டியதில்லை. அங்கே அரைகுறையாகக் கட்டவும் மனசு வராது, எதிரி வந்தால் முதலில் தன் வீடுதானே.

இப்போது உங்கள் அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு இதை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மனிதர்கள் தங்களுக்கு முக்கியமில்லை என்று நினைப்பதை அங்கே போடுவார்கள். சில சமயம், பார்க்க விரும்பாததையும். சின்ன சப்ளையர் மூன்று தடவை போன் செய்தால்தான் செக். முதல் இரண்டு தடவை அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? "கையெழுத்துக்குப் போயிருக்கிறது", "சார் ஊரில் இல்லை", "அடுத்த வாரம் பாருங்கள்". நானே பில்லை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன், அதனால் இந்த வசனங்கள் எனக்கும் மனப்பாடம். அந்தப் பக்கம் போனைப் பிடித்திருப்பவர் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியவராக இருக்கலாம். உங்கள் செக் வரும் நம்பிக்கையில் வட்டிக்கு வாங்கியிருக்கலாம். கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்பது லேவியராகமம் 19. வேலைக்காரரின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்பது, உங்களைத் தூங்கவிடாத அதே யாக்கோபு நிருபத்தின் 5-ஆம் அதிகாரம். இரண்டாம் அதிகாரத்தோடு பிரசங்கத்தை முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரத்தில், சுவர் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போதே ஜனங்கள் வந்து முறையிடுகிறார்கள்: கடனுக்கு நிலம் போய்விட்டது, பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கவேண்டியிருக்கிறது என்று. நெகேமியா "முதலில் சுவர் முடியட்டும்" என்று சொல்லவில்லை. பெரியவர்களைக் கூப்பிட்டு, நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஆணையிட வைக்கிறான். கணக்குப் புத்தகம் ஆவிக்குரிய விஷயம் இல்லை என்று அவனுக்குத் தோன்றவில்லை.

முழுநேர ஊழியம் பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. லூக்கா 3-இல் யோவான்ஸ்நானகனிடம் வரிசையாக வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறார்கள். ஜனங்களிடம், இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்று கொடு என்கிறார். ஆயக்காரர்களிடம், விதித்ததற்கு மேல் வசூலிக்காதே. போர்வீரர்களிடம், யாரையும் மிரட்டிப் பறிக்காதே, உன் சம்பளம் போதும் என்று இரு. அந்த நாளில் ஆயக்காரன் வேலையைவிட வெறுக்கப்பட்ட வேலை இல்லை. அதைக்கூட விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று அவர் கூப்பிடவில்லை. எந்த மேசையில் உட்கார்ந்து தவறு நடக்கிறதோ, அதே மேசைக்குத் திருப்பி அனுப்பினார்.

ஊழியத்துக்கு அழைப்பே கிடையாது என்று நான் சொல்லவில்லை. மேசையை விட்டு எழுந்து போன ஆயக்காரன் மத்தேயுவும் வேதத்தில் இருக்கிறார். ஆனால் ஓய்ந்துபோன ஒருவர் "வேலையை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டால் நான் உடனே ஆமாம் சொல்வதில்லை. ஓய்ந்திருப்பவருக்கு எந்தக் கதவும் விடுதலையின் கதவாகத் தெரியும். உங்கள் கணவரும் பிள்ளைகளும் இதில் என்ன நினைக்கிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒரு வருடம் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், அந்த ஆசை அப்படியே இருந்தால் உங்கள் போதகரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அதுவரை ஆபீஸில் என்ன செய்யலாம்? கொள்கையை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்று தெரியும். உங்களிடம் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். முதலில் அந்த போன் பதில்கள். பில் கையெழுத்துக்குப் போகாமல் உங்கள் மேசையில் இருந்தால், போயிருக்கிறது என்று சொல்லாதீர்கள். "இந்த வாரம் வராது, அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று தெரிந்த உண்மையைச் சொன்னால், அவர் கோபப்பட்டாலும் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார். பொய்தான் அவரை அதிகம் அலைக்கழிக்கிறது. அடுத்தது, நிலுவைப் பட்டியல் போடுவது உங்களுக்குக் கைவந்த கலை. யாருக்கு எவ்வளவு, எத்தனை நாளாக என்று சிறிய சப்ளையர்களை மட்டும் தனியாகப் பிரித்து எடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் இந்தச் சின்ன பில்களின் மொத்தத் தொகை, பெரிய ஒன்றிரண்டு பில்களுக்கு முன்னால் அற்பமாகத்தான் இருக்கும். எண்ணிக்கையில்தான் அதிகம். உங்கள் பட்டியலிலும் அப்படி வந்தால், அதை மேலதிகாரியிடம் கொண்டுபோய், ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே உள்ள பில்களை வாரம் ஒருநாள் என்று வைத்து முடித்துவிட்டால் போன் தொல்லையும் குறையும், நம் பெயரும் நன்றாக இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். வசனம் எடுக்கவேண்டாம். உண்மையான காரணம், அவருக்கும் பயன்படும் காரணம், இரண்டும் போதும். ஒருவேளை அவர் மறுத்தால், மூன்று மாதம் கழித்துப் புதிய பட்டியலோடு திரும்பப் போங்கள். நெகேமியா நான்கு மாதம் காத்திருந்தானே.

இதை ஊழியம் என்று யாரும் சபை அறிக்கையில் வாசிக்கமாட்டார்கள். ஆனால் பதினான்கு வருட அனுபவம், அந்த நாற்காலி, அந்தப் பட்டியலை ஒரு மணி நேரத்தில் போடும் திறமை எல்லாம் சேர்ந்து உங்கள் சபையில் எத்தனை பேரிடம் இருக்கிறது? துணி பிரிக்க நிறைய கைகள் கிடைக்கும்.

துணி என்றதும் என் கதை. நானும் என் நண்பர்களும், தீ விபத்தில் வீடிழந்த சில குடும்பங்களுக்காக இரண்டு நாள் அலைந்து மூட்டை மூட்டையாகத் துணி சேர்த்தோம். ஒரு வண்டி நிறைய. ஜெபம் பண்ணி அனுப்பி வைத்து, நாங்களும் போய் இறங்கினோம். எங்களுக்கு முன்னால் மூன்று வண்டி வந்து போயிருந்தது. ஒரு ஓரத்தில் துணிகள் நனைந்துபோய் மலையாகக் கிடந்தன. ஒரு அம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "துணி போதும்மா. படிச்ச பிள்ளையாத் தெரியறே. சர்டிபிகேட்டெல்லாம் எரிஞ்சுபோச்சு, இந்த மனுவை எழுதித் தர்றியா?" அன்றைக்கு சாயந்தரம் வரை நான் மனு எழுதினேன். பதினேழு மனு. ஒரு பேனாவோடு தனியாக வந்திருந்தாலே போதும். வேண்டியது என்ன என்று ஒருவரைக்கூட நாங்கள் கேட்டிருக்கவில்லை என்பதை அன்று இரவுதான் யோசித்தேன். கண் தெரியாத பர்திமேயு எதற்காகக் கத்துகிறான் என்று எரிகோ வழியில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இயேசு அவனைக் கூப்பிட்டு, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். அவன் வாயால் சொல்லவிட்டுப் பிறகுதான் செய்கிறார்.

இதைத் தொழிலாகச் செய்யும் நாங்கள் இதற்கு வகுப்பு எடுக்கிறோம். சிறைக் கைதிகளின் நிலையை மாற்றப் பாடுபட்ட ஆங்கிலேயப் பெண் எலிசபெத் ஃப்ரை இதை வகுப்பு எதுவும் இல்லாமலே கண்டுபிடித்தார். லண்டனின் நியூகேட் சிறைக்கு 1813-இல் முதலில் போனபோது, கைதிகளின் குழந்தைகளுக்கு உடுப்பு கொண்டுபோனார். அதன்பின் மூன்று வருடத்துக்கு மேல் அங்கே அவரால் தொடர்ந்து போக முடியவில்லை. பிரசவங்கள், ஒரு மகளின் மரணம், கணவர் வீட்டுத் தொழிலில் பண நெருக்கடி. 1816 முடிவில் திரும்பப் போனபோது அந்தப் பெண்களிடம் கேட்டார், உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வைக்கலாமா என்று. ஆசிரியையையும் கைதிகளில் ஒருவரையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வருடம் சில பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கி, சிறைக்குள் நடந்துகொள்ள விதிகள் எழுதினார். அந்த விதிகளையும் ஒவ்வொன்றாகக் கைதிகள் முன் வாசித்து, கை தூக்கச் சொல்லி அவர்கள் சம்மதத்தோடுதான் நிறைவேற்றினார். அந்த மூன்று வருட இடைவெளியையும் நீங்கள் கவனிக்கவேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். வீட்டில் குழந்தைகள் இருக்கும் காலத்தில் கை சுருங்குவதை அவர் தோல்வியாக எடுத்துக்கொண்டிருந்தால் 1816-இல் திரும்பிப் போயிருக்கமாட்டார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடமும் இதே கண் இருந்தது. 1785 ஜனவரியில் அவருக்கு வயது 81. வழக்கமாக அந்தக் குளிர்காலத்தில் தன் சங்கத்து ஏழைகளுக்கு நிலக்கரியும் ரொட்டியும் கொடுப்பார்கள். அந்த முறை, இவர்களுக்கு உடுப்பும் வேண்டுமே என்று அவருக்குப் பட்டிருக்கிறது. உருகும் பனி கணுக்கால் வரை நிற்கும் தெருக்களில் ஐந்து நாள் நடந்து 200 பவுண்டு வசூலித்தார். எங்கள் துணி வண்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அவருக்கு அந்த மனிதர்களைத் தெரியும். (பிறகு அவர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். 81 வயதில் அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.)

இதை வைத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். பாட்டியைப் பார்க்க முதல் தடவை போகும்போது கையில் எதுவும் வேண்டாம், வேத புத்தகம்கூட. உட்கார்ந்து பேசுங்கள். அன்று விழுந்ததைப் பற்றி அவரே பேசினால் பேசட்டும். கிளம்பும்போது, "பாட்டி, தினமும் காலையில் நான் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை கதவைத் தட்டட்டுமா, அல்லது போன் பண்ணட்டுமா? உங்களுக்கு எது வசதி?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், பத்து நாள் கழித்துத் திரும்பப் போங்கள். அவருக்கும் மானம் இருக்கிறது, திடீரென்று வந்து நிற்கும் கருணையை உடனே வாங்கிக்கொள்ள யாருக்கும் கூச்சம்தான். அவர் பிள்ளைகள் அல்லது உறவினர் யாருடைய எண்ணாவது உங்களிடம் இருக்கட்டும், ஒரு சாவி யாரிடம் இருப்பது என்று அவர் முடிவு செய்யட்டும். உங்கள் பெரிய பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் ஐந்து நிமிடம் எட்டிப் பார்க்கலாம். இது ஒரு குடும்பத்தின் வேலையாக மாறினால், "எங்களுக்குக் கிடைப்பதில்லை" என்ற உங்கள் கணவரின் குறைக்கும் அது ஒரு வழியில் பதிலாகும்.

அவருக்கு வேறு பதிலும் வேண்டும். நல்ல சமாரியன் கதையை ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். அவன் மறுநாள் கிளம்பிப் போய்விட்டான் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தன் கையில் இருந்த எண்ணெயும் திராட்சரசமும் வைத்துக் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், ஒரு ராத்திரி கூட இருந்தான். விடிந்ததும் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். பயணத்தை ரத்து செய்யவும் இல்லை, எரிகோ சாலையில் அடிபட்டவர்களுக்கெல்லாம் பொறுப்பெடுக்கவும் இல்லை. மிச்சத்தைச் செய்ய ஒரு சத்திரக்காரன் இருக்கிறான் என்று அவனால் நம்ப முடிந்தது. உங்களைப் போன்ற பொறுப்பான பெண்களுக்கு அந்த நம்பிக்கைதான் வருவதில்லை. நாம் விட்டால் நின்றுபோகும் என்று நினைக்கிறோம். சில வேலை நிற்கும்தான். நின்றுபோவதில் சிலது நிற்கவேண்டியதாகவும் இருக்கும்.

எனவே நான்கில் மூன்றை விடுங்கள். எதை வைத்துக்கொள்வது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் எந்த வேலை முடிந்து வரும்போது களைப்போடு சேர்ந்து ஒரு லேசான மனமும் வருகிறதோ அதைக் கவனியுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதைக் கணவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவர் சொல்லும் எண் உங்களுக்குக் குறைவாகத் தோன்றலாம். மூன்று மாதம் அந்த எண்ணிலேயே நில்லுங்கள். ஓய்ந்துபோய் எரிந்து விழுவது ஒரு மாதத்துக்குப் பிறகும் குறையாவிட்டால், தூக்கமும் திரும்பாவிட்டால், மருத்துவரைப் பாருங்கள். இன்னும் அதிகமாக ஜெபிக்காததால் வந்த பலவீனம் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பாராட்டு பிடிக்கிறது என்று வெட்கத்தோடு எழுதியிருந்தீர்கள். எனக்கும் பிடிக்கும். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்ற இயேசுதான், உங்கள் நற்கிரியைகளை மனுஷர் காணட்டும் என்றும் அதே மலைப்பிரசங்கத்தில் சொன்னார். ஆக, பிறர் பார்ப்பது பிரச்சினை இல்லை, பார்ப்பதற்காகவே செய்வதுதான். நான் எனக்கு வைத்திருக்கும் சோதனை எளிது: யாரும் பாராட்டாத வாரத்தில் அந்த வேலை குறைகிறதா? குறைந்தால் தலையில் அடித்துக்கொள்ளமாட்டேன், அடுத்த வாரம் யாருக்கும் தெரியாத ஒரு வேலையைச் சேர்த்துக்கொள்வேன். மத்தேயு 25-இல் வலதுபக்கம் நிற்பவர்களுக்குத் தாங்கள் செய்தது நினைவிலேயே இல்லை. "ஆண்டவரே, எப்போது?" என்று அவர்கள் முழிக்கிறார்கள். நோக்கம் சுத்தமாகட்டும் என்று காத்திருந்தவர்களாக எனக்கு அவர்கள் தெரியவில்லை. பசித்தவனைப் பார்த்தார்கள், கொடுத்தார்கள், மறந்துபோனார்கள். அந்த நிலுவைப் பட்டியல் உங்களுக்கு அப்படி ஒரு வேலையாக இருக்கலாம். பில் தொகை சரியான தேதியில் வந்துவிட்டால், அந்த சப்ளையர் உங்களை நினைக்கக்கூட மாட்டார்.

குழுக்களிலிருந்து விலகுவதை வாட்ஸாப்பில் அனுப்பவேண்டாம். போதகரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். முதியோர் நலக் குழுவைப் பற்றிச் சொல்லும்போது, செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பேசுவதைவிட, வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் ஒருவர் பெயரை எழுதிக்கொண்டு வரலாமே என்று கேட்டுப் பாருங்கள். அவர் சரி என்றால் முதல் பெயர் உங்களிடம் தயாராக இருக்கிறது. பாட்டியிடம் அதற்கு அனுமதி கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.